டேப்புக்காரர் வண்டிக்குக் கண்ணாடி வைத்த கதை

குளியலறைச் சாமான்கள் விற்கும் கடையில் அவரை எல்லோரும் டேப்புக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் இடுப்பு பெல்ட்டில் செல்போன் மாட்டும் இடத்தில் அவர் அளவு டேப்பை மாட்டியிருப்பார். வாஷ்பேசின் வாங்க வருகிறவர் வாயைத் திறப்பதற்குள் "சுவருக்கும் கதவுக்கும் நடுவுல எவ்வளவு இடம்?" என்பார். தெரியாது என்று சொல்லிவிட்டால் போச்சு. நேரே அவர்கள் வீட்டுக்கே போய், குளியலறையில் இருக்கிறவர்களை வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அளந்துவிட்டுத்தான் வருவார். "ஆள் நின்னா அளவு தப்பும்" என்பது அவருடைய வேதவாக்கு. அவர் அளந்து சொன்ன இடத்தில் பேசின் கச்சிதமாக உட்காரும்; ஒரு நூல் தப்பாது. அதற்கு முன்னால் நின்று முகம் கழுவ மனிதனுக்கு இடம் இருக்கிறதா என்பது வேறு விஷயம். அது அவருடைய இலாகா இல்லை.

அவர் மனைவி ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். நாள் முழுக்கப் பயந்து நடுங்குகிறவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு "ஒண்ணுமில்ல, எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்று பொய் சொல்வது அவள் வேலை. காலையில் அவளை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கூடத்து வாசலில் இறக்கிவிட்டு டேப்புக்காரர் கடைக்குப் போவார். மாலையில் வந்து ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவார். வண்டிக்கு மகள் வயது. மகள் வெளியூருக்குப் படிக்கப் போய்விட்டாள். வண்டி எங்கும் போக வழியில்லாமல் இவர்களோடு தங்கிவிட்டது.

வண்டி தெரு முனை தாண்டியதும் அவள் பேச ஆரம்பிப்பாள். காற்று இரைச்சலில் ஒரு வார்த்தை அவர் காதில் விழாது. தோளுக்குப் பின்னால் ஒரு குரல் ஏறும், இறங்கும், சில நேரம் கேள்வி மாதிரி நிற்கும். நிற்கிற இடம் பார்த்து இவர் "ம்" என்பார். வீட்டுக்குள் என்றால் விளக்கை அணைக்கவில்லை, துண்டை எங்கே போட்டாய் என்று நூறு சண்டை. வண்டியில் மட்டும் இத்தனை வருடத்தில் ஒரு சண்டை வந்ததில்லை. இது தன்னுடைய பொறுமையால் வந்தது என்று அவர் மனதார நம்பினார். கடையில் புதிதாகக் கல்யாணமான யாராவது முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றால், "குறுக்க பேசக்கூடாதுப்பா. பொண்டாட்டி பேசினா முழுசாக் கேக்கணும். நான் கேக்கறேன் பாரு" என்று இலவசமாக உபதேசம் செய்வார். ஊருக்குத்தானே உபதேசம்!

ஆனாலும் மனுஷனைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தப் பயணம் அவருக்கு உயிர். கடையில் நாள் முழுக்கப் பேசிவிட்டு வந்த பிறகு, அந்தக் குரல் முதுகில் பட்டால்தான் அவருக்கு மூச்சு சீராக வரும். இதை அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. அதற்கெல்லாம் ஆறடி ஏழடி என்று அளவு கிடையாதே, எப்படிச் சொல்வார்?

வினை மைத்துனன் உருவத்தில் வந்தது. மனைவியின் தம்பி பெரிய வண்டி ஒன்று வாங்கி, விடுமுறை கிடைத்தால் கூட்டத்தோடு மலைக்கும் காட்டுக்கும் போகிறவன். முழங்காலுக்குக் கவசம், கைக்கு உறை, முதுகுக்குத் தட்டு என்று போட்டுக்கொண்டு வருவான். ஒரு வாய் டீ குடிப்பதற்கு அவ்வளவையும் கழற்ற வேண்டும். அன்றைக்கும் கழற்றிவைத்துவிட்டு, வாசலில் நின்ற டேப்புக்காரரின் வண்டியை ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"அடுத்த மாசம் அருவிக்குப் போறோம் மாமா. நீங்களும் அக்காவும் வாங்களேன்" என்றான்.

"வரலாமே" என்றார் இவர்.

"கார்ல வாங்க மாமா. இதுல வராதீங்க. முன்னாடி ஒரு விண்ட்ஷீல்டு கண்ணாடி இல்ல, பக்கத்துல ரெண்டு பை இல்ல. இத வச்சுக்கிட்டு அக்காவ லேப் வரைக்கும்தான் கொண்டுபோக முடியும்."

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். டேப்புக்காரருக்குச் சுருக்கென்று தைத்தது. லேப் வரைக்கும்தானா? நெடுஞ்சாலையில், கண்ணாடிக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, இரண்டு பக்கமும் பை புடைக்க, பின்னால் மனைவி பேசிக்கொண்டே வர, அருவி வரைக்கும் போய்க் காட்டினால் என்ன? அன்றிரவு சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தே, வண்டிக்குக் கண்ணாடியும் பையும் வைப்பது என்று தீர்மானம் செய்து, சொல்லியும்விட்டார்.

"எதுக்குங்க இதெல்லாம்?" என்றாள் மனைவி.

"எல்லாம் உன் சௌகரியத்துக்குத்தான்" என்றார். புருஷன்மார் தமக்காகச் செய்துகொள்ளும் எல்லாக் காரியத்துக்கும் உலகத்தில் இந்த ஒரே காரணம்தான்.

மெக்கானிக் ஒரு விசித்திரமான பிறவி. முடியாது என்ற சொல் அவர் வாயிலிருந்து வராது. வண்டிக்கு இறக்கை வேண்டும் என்று கேட்டாலும் "போட்டுரலாம் சார், ரெண்டு கிளாம்ப் போதும்" என்பார். வேறு ஏதோ வண்டியின் விண்ட்ஷீல்டு ஒன்று அவரிடம் இருந்தது. அதைத் துடைத்து, வளைத்து, கிளாம்ப் போட்டு முறுக்கி, அன்றைக்கே மாட்டிவிட்டார். சாடில் பைகளுக்குத்தான் வண்டியின் இரண்டு பக்கமும் இரும்புச் சட்டம் அடிக்க வேண்டும். அதற்கு அளவு வேண்டும்.

அளவு என்ற சொல்லைக் கேட்டதும் டேப்புக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். மெக்கானிக்கை அவருடைய சொந்தப் பட்டறையிலிருந்தே வெளியே அனுப்பினார். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து நீளம், உயரம், சக்கரத்துக்கும் சைலன்சருக்கும் நடுவே உள்ள தூரம் எல்லாவற்றையும் அளந்தார். வண்டி காலியாக நின்றது. பட்டறையிலும் யாரும் இல்லை. அவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

"பை பெருசா இருக்கும் போலிருக்கே சார்" என்று மெக்கானிக் வெளியிலிருந்தே இழுத்தார்.

"முடியாதா?"

"முடியாதுன்னு யார் சொன்னா? போட்டுரலாம்."

சட்டமும் பைகளும் தயாராகச் சில நாள் ஆகும் என்று சொன்னதால், கண்ணாடி மட்டும் வைத்த வண்டியோடு டேப்புக்காரர் அன்று மாலை கூடத்து வாசலில் போய் நின்றார். மனைவி கண்ணாடியை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏறிக்கொண்டாள். தெரு முனை தாண்டியது. அவர் வழக்கம்போல ஒரு "ம்"மைத் தயாராக வைத்துக்கொண்டு ஓட்டினார்.

"ஆறடி ஆளுங்க. ஊசிய நான் கையில எடுக்கக்கூட இல்ல, பேப்பரப் பிரிச்சேன், அவ்வளவுதான், பொத்துன்னு என் மேலேயே விழுந்துட்டாரு" என்றது குரல், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுவதுபோல.

டேப்புக்காரர் பிரேக்கை மிதித்துவிட்டார். பின்னால் வந்த பஸ்காரர் அவருடைய வம்சத்தையே விசாரித்துவிட்டுப் போனார். கண்ணாடி காற்றை மேலே தூக்கி அனுப்பிவிட்டது என்பது அவருக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. இத்தனை வருடம் அவர் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தது இதுதானா? வீடு வந்து சேரும்வரை அந்த ஆறடி ஆளை எப்படி எழுப்பினார்கள் என்று அவள் சொல்லிக்கொண்டு வந்தாள். அவருக்கு அடக்க முடியாத சிரிப்பு. ஆனால் சிரிக்கவில்லை. பழக்கப்படி "ம்" மட்டும் சொன்னார். கேட்கிறது என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். ஏனோ சொல்லவில்லை, ஒட்டுக் கேட்கிற சுகம் பொல்லாதது.

மறுநாளிலிருந்து தன் வீட்டுச் சரித்திரத்தை அவர் தெரிந்துகொள்ள ஆரம்பித்தார். உள் அறையில் கிடந்த கட்டில் முன்பு ஒரு நாள் காணாமல் போயிருந்தது; அது மைத்துனன் வீட்டில் இருந்தது. வீட்டுக் கூடத்துச் சுவர் ஒரு நாள் பச்சையாகியிருந்தது. கணக்குப் படிக்கப் போகிறாள் என்று இவர் நினைத்திருந்த மகள் மாட்டு வைத்தியம் படித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் தன்னைக் கேட்காமல் தாயும் மகளும் சேர்ந்து செய்த சதி என்று அவர் பல நாள் பொருமியிருக்கிறார். சதியும் இல்லை, ஒன்றும் இல்லை என்று அவள் பேச்சிலிருந்து இப்போது தெரிந்தது. ஒவ்வொன்றையும் அவள் வண்டியில் முறையாகக் கேட்டிருக்கிறாள். இவரும் முறையாக "ம்" சொல்லியிருக்கிறார். எதிர்க்கட்சியே இல்லாத சட்டசபையில் தீர்மானங்கள் நிறைவேறுவதுபோல அத்தனையும் நிறைவேறியிருக்கின்றன.

"ஞாயித்துக்கிழமை தம்பி வந்து உங்க சாய்வு நாற்காலிய எடுத்துக்கிட்டுப் போறேங்கறான். குடுத்துடட்டுமா?" என்றாள் அவள் ஒரு நாள்.

"ம்" என்றார் டேப்புக்காரர். நாக்கு பழகிய நாக்கு; மூளை வந்து சேர்வதற்குள் நாற்காலி போய்விட்டது. காது நன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே பறிகொடுத்த முதல் சாமான் அதுதான்.

ஆனால் நாற்காலி பெரிய விஷயமில்லை. அதற்கு இரண்டு நாள் கழித்து அவள் சொன்னதுதான் விஷயம்.

"ஊருக்கு அந்தப் பக்கம் புதுக் கிளை திறக்கறாங்க. என்னைத்தான் அங்க பொறுப்பாப் போடறாங்க. வாசலுக்கே வேன் வருதாம், காலையிலயும் சாயங்காலமும்." பிறகு தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னாள்: "வேன்ல போனா சுகம்தான். வெயில் இல்ல, மழை இல்ல. ஆனா அதுல நாலு பேரு இருப்பாங்க. நாலு பேருக்கும் காது இருக்கும். இங்கன்னா மனசுல இருக்கறத எல்லாம் கொட்டலாம். இவருக்குத்தான் ஒண்ணும் விழாதே. இத்தன வருஷத்துல ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, 'என்ன சொன்னே, திருப்பிச் சொல்லு'ன்னு கேட்டிருப்பாரா இந்த மனுஷன்?"

டேப்புக்காரருக்குக் காது மடல் சுட்டது. தனக்குக் கேட்கவில்லை என்பது அவளுக்கு ஆரம்பம் முதலே தெரியும்! பொறுமைசாலி, முழுதாகக் கேட்கிறவர் என்று அவர் தனக்குத்தானே கொடுத்துக்கொண்டிருந்த பட்டமெல்லாம் நடுரோட்டில் விழுந்து நசுங்கியது. அவமானமா, கோபமா, அவள் வேனில் போய்விடுவாளோ என்ற பயமா என்று அவருக்கே தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். தவளை தன் வாயால்தானே கெடும்?

"கேக்கலைன்னு யாரு சொன்னா? எனக்கு எல்லாம் கேக்குது!" என்றார், திரும்பிப் பார்க்காமலே.

"எப்ப இருந்து?" என்றாள்.

"கண்ணாடி போட்டதுல இருந்து."

"ஓ" என்றாள். அத்தோடு சரி. அன்றைக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகும் வண்டியில் அவள் பேசவில்லை. "ஏதாவது பேசேன்" என்று இவரே கேட்டுப் பார்த்தார். "நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்று பதில் வந்தது. இத்தனை வருடம் வார்த்தை கேட்காமல் ஓட்டியபோது வராத கஷ்டம், வார்த்தை இல்லாமல் ஓட்டும்போது வந்தது. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இப்போது சங்கிலி சுற்றுவதுகூடத் தெளிவாகக் கேட்டது. அவளுடைய குரல் ஒன்றுதான் இல்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

சனிக்கிழமை பைகள் வந்தன. கறுப்பு நிறத்தில், பளபளவென்று, இரண்டு பக்கமும் புடைத்துக்கொண்டு, கிட்டத்தட்ட மைத்துனன் வண்டியையே தோற்கடிக்கும் அழகு. இதைப் பார்த்தாலாவது அவள் முகம் மலரும் என்று டேப்புக்காரர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி மணியடித்தார். மனைவி வந்தாள். சுற்றிப் பார்த்தாள். ஏறி உட்கார்ந்து காலை வைக்கப் போனாள். இந்தப் பக்கம் வைத்தாள், பை. அந்தப் பக்கம் வைத்தாள், அங்கேயும் பை. பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கும் கட்டைகள் இரண்டும் பைகளுக்குப் பின்னால் பத்திரமாக ஒளிந்துகொண்டிருந்தன.

"கால எங்கங்க வைக்கறது?" என்றாள்.

அவர் இடுப்பிலிருந்து டேப்பை எடுத்து ஒரு முறை அளந்தார். அளவில் ஒரு நூல் தப்பவில்லை.

"அளவு சரியாத்தான் இருக்கு" என்றார்.

"அப்ப எனக்குக் கால் இருக்கறதுதான் தப்பு." அவள் இறங்கினாள். கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "பரவாயில்ல விடுங்க. திங்கக்கிழமையில இருந்து வேன்ல வரேன்னு சொல்லிட்டேன்."

உள்ளே போய்விட்டாள். டேப்புக்காரர் வண்டியைப் பார்த்தார். அவளை அருவிக்குக் கூட்டிப்போகத்தான் அவ்வளவும் செய்தார். லேப் வரைக்கும் கூட்டிப்போகிற பாக்கியமும் போயிற்று. பின் இருக்கை வெறுமையாக, பிரமாதமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்த்த கையோடு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார். திங்கட்கிழமைக்குள் பைகளைக் கழற்றிவிட்டால் வேனைத் தடுத்துவிடலாம் என்று கணக்கு. மெக்கானிக்குக்கு அன்று விடுமுறை. எதையும் போட்டுவிடலாம் என்று சொல்லும் அந்த மகான், போட்டதைக் கழற்ற முடியும் என்று எந்த நாளும் சொன்னதில்லை. நட்டுகளை அப்படி முறுக்கியிருந்தார். இடது பக்கப் பையும் சட்டமும் ஒருவழியாகக் கையோடு வந்தன. வந்த வேகத்தில் சட்டம் எகிறி அவர் இடது கைக் கட்டை விரலில் இறங்கியது. அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டதாகச் சொல்கிறார்கள்.

மனைவி ஓடி வந்தாள். விரலைத் தொட்டு, அழுத்தி, அவர் "ஐயோ" என்கிற இடத்தைக் கண்டுபிடித்தாள். விரல் கத்தரிக்காய் அளவுக்கு வீங்கிக்கொண்டு வந்தது.

"எக்ஸ்ரே எடுக்கணும். கிளம்புங்க."

"டாக்ஸி கூப்பிடட்டுமா?"

அவள் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, ஹெல்மெட்டை மாட்டினாள்.

"உனக்கு ஓட்டத் தெரியுமா?" என்றார் அவர், வலியை மறந்து.

"வீடு வீடாப் போய் ரத்தம் எடுத்தேனே, அப்ப லேப் வண்டியில கத்துக்கிட்டேன். உங்ககிட்டச் சொன்னேனே."

"எப்ப சொன்னே?" என்று கேட்க வாயெடுத்தவர், பதில் தெரிந்து போனதால் மூடிக்கொண்டார்.

வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் வண்டியில் பின்னால் ஏறினார். இடது காலுக்குக் கட்டை இருந்தது. வலது பக்கம் பை இன்னும் இருந்ததால் அந்தக் காலை அதன்மேல் தூக்கிப் போட்டுக்கொண்டார். கம்பத்தைக் கண்ட நாய்போல ஒரு கோலம். அந்தக் கோலத்தில் தெரு முழுக்கப் பார்க்க, வண்டி கிளம்பியது. அவள் நன்றாகவே ஓட்டினாள். அவரைவிட நன்றாக ஓட்டினாள் என்பதை அவர் ஒப்புக்கொள்ள மாட்டார், நாம் சொல்லிவிடலாம்.

கண்ணாடி தூக்கி அனுப்பிய காற்று நேராக அவர் முகத்தில் வந்து அறைந்தது. காது அடைத்துக்கொண்டது. எதிரே அவள் முதுகு. இத்தனை நாள் தன் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தவளின் முதுகை அவர் இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. ஹெல்மெட் விளிம்புக்குக் கீழே நரைமுடி காற்றில் ஆடியது. எப்போது நரைத்தது? வண்டியில் சொல்லியிருப்பாள்.

முதலில் விரலைத் திட்டினார். பிறகு மெக்கானிக்கை. பிறகு மைத்துனனை, அவனுடைய முழங்கால் கவசத்தை. தன் குரல் தனக்கே கேட்கவில்லை. அப்படியென்றால் யாருக்கும் கேட்காது என்று முடிவு கட்டினார். கண்ணாடிக்குப் பின்னால் இப்போது உட்கார்ந்திருப்பது யார் என்று யோசிக்க அவருக்குத் தோன்றவில்லை.

"அருவியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். எனக்கு லேப் வரைக்கும் போதும்" என்றார் முதுகைப் பார்த்து. சொன்னதும் நெஞ்சு லேசானது. மேலே பேசினார். "காலையில உன்ன இறக்கிவிட்டுட்டுப் போறேன் பாரு, பின்னாடி பாரம் இல்லாம வண்டி துள்ளும். அந்தத் தூரம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. நீ வேன்ல போயிட்டா இனிமே வழி முழுக்க அப்படித்தான் துள்ளும்."

வண்டி ஒரு வளைவில் திரும்பியது. அவர் நிறுத்தவில்லை.

"நான் எதையும் கேட்டதில்ல. வாஸ்தவம். நீ பேசிக்கிட்டே வருவே, என்னன்னு தெரியாது, நீ இருக்கேன்னு மட்டும் தெரியும். எனக்கு அது போதும்னு இருந்துட்டேன். உனக்கு அது போதுமான்னு யோசிக்கல பாரு, அங்கதான் தப்பு. என்னத்த அளந்தேனோ! அந்த ஆறடி ஆளு கதையக் கேட்டு அன்னைக்கு எனக்கு எப்படிச் சிரிப்பு வந்தது தெரியுமா? சிரிச்சா நீ நிறுத்திடுவியோன்னு பயந்துட்டேன். நீ புதுக் கிளைக்குப் போ. பெரிய பொறுப்பு, விடாதே. வேன்ல மட்டும் போகாதே. ஊருக்கு அந்தப் பக்கம்னாலும் நான் கொண்டுவிடறேன். நீ இல்லாம எனக்கு..."

ஆஸ்பத்திரி வாசல் வந்தது. பெரிய பலகை, வாசலில் காவலாளி, எல்லாம் வந்தது. வண்டி நிற்கவில்லை. வாசலைத் தாண்டி நேரே போயிற்று.

"ஏய், ஆஸ்பத்திரி! ஆஸ்பத்திரி போயிடுச்சு!" என்று கத்தினார்.

"தெரியும். கத்தாதீங்க" என்றாள் அவள், கொஞ்சம் தலையைத் திருப்பி, உரக்க. "நீங்க இன்னும் முடிக்கலையே."

தெரு முனையிலிருந்து ஒரு வார்த்தை விடாமல் அவளுக்குக் கேட்டிருக்கிறது. கேட்கிறது என்று தெரிந்த பிறகு டேப்புக்காரர் வாயிலிருந்து ஒரு எழுத்துகூட வெளியே வரவில்லை. தனக்குக் கேட்கிறது என்று சொன்ன நாளிலிருந்து அவள் எதனால் ஊமையானாள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"வேன் வேண்டாம்னு காலையில சொல்லிடறேன்" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. "மீதியச் சொல்லுங்க."

மீதி எங்கே இருந்தது? ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கத் தெரு முழுவதும் அவர் வாயைத் திறந்து திறந்து மூடினார்.

"விரல் வலிக்குது" என்றார் கடைசியில்.

"அது எனக்கே தெரியும். தெரியாததச் சொல்லுங்க" என்று சொல்லி, அவள் வண்டியின் வேகத்தைக் குறைத்தாள்.